பக்கக் கதவின் அகலம்

ஜூன் 4, புதன். இன்று செய்த சின்னத் தப்பு: ஐந்தாம் பக்கத்தில் அகலம் 83.0 என்று எழுதியிருந்ததை அடித்து 81.7 என்றும், உயரம் 206.0 என்று எழுதியிருந்ததை அடித்து 202.8 என்றும் மாற்றினேன். ஓர் அளவை அடித்தால் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும் என்பது எங்கள் தச்சு வகுப்பு விதி. எழுதவில்லை. எழுதும்படியான காரணமாக அது எனக்குப் படவில்லை.

இப்படி எழுதிவிட்டு சின்னவள் நோட்டை மூடினாள். எழுதாமல் விட்ட காரணம் மூன்றே சொல்தான்: அம்மா அளந்து பார்த்தாள்.

அந்த வீட்டில் இரண்டு பெண்கள். பெரியவள் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். சின்னவள் பகலில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுவாள். திங்களும் புதனும் மாலையில் தச்சு வகுப்புக்குப் போவாள். சேர்ந்து ஒன்பது வாரம்தான் ஆகியிருந்தது. இதுவரை செய்து முடித்தது ஒரு முக்காலி. அது ஆடாமல் நின்றதை அவளே நம்பவில்லை; மூன்று நாள் போகும்போதும் வரும்போதும் ஆட்டி ஆட்டிப் பார்த்தாள்.

அம்மா தையல்காரி. வீட்டை ஒட்டிய கராஜில்தான் தொழில். அவர்கள் குடி வந்த நாளிலிருந்து அங்கே ஒரு கார் நின்றதில்லை. நடுவில் வெட்டுமேசை, சுவரோரம் இரண்டு மெஷின், மூலையில் துணி அலமாரி. தெருப் பக்கத்துப் பெரிய ஷட்டர் எப்போதும் இறக்கியே இருக்கும். வாடிக்கையாளர் வருவதும் போவதும் பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான்.

அந்தக் கதவுக்கு மேலே ஒரு சாண் தகரம்கூடக் கிடையாது. மழை நேராக அதன் முகத்தில் அடிக்கும். மழை விட்டால் வெயில் அடிக்கும். பல வருஷம் இப்படி வாங்கி வாங்கி, கீழ்ப்பாதி ஊறி, பலகை ஏடு ஏடாகப் பிரிந்து, திறக்கும்போது ஒரு பக்கம் தரையில் இழுத்தது. மூடும்போது மறுபக்கம் நிலையில் மோதியது. மழை நாளில் அடியில் நுழைந்த தண்ணீர் மெஷின் கால் வரைக்கும் வரும். அம்மா பழைய துணியைச் சுருட்டி அணை கட்டுவாள்.

அதுவரை யாருக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் மேலாளர் வந்து, தன் ஊழியர்களுக்கு ஐம்பது வெள்ளைக் கோட்டு தைக்க வேண்டும் என்று சொன்ன பிறகுதான் ஆயிற்று. அம்மாவுக்கு இத்தனை பெரிய ஆர்டர் இதுதான் முதல் தடவை. அவர் மாதிரிக்கு ஒரு பழைய கோட்டைக் கொடுத்தார், அம்மா அதைப் பார்த்து ஒன்று தைத்துக் காட்டினாள், பிடித்துவிட்டது. கிளம்பும்போது கதவடியில் குனிந்து ஒரு விரலால் பலகையை அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று.

"அம்மா, துணி எங்களோடது. பதினாலாம் தேதி சனிக்கிழமை காலையில கொண்டு வருவேன். இந்த ரூம் காஞ்சு இருக்கணும், கதவு ஒழுங்காப் பூட்டணும். இல்லைன்னா தப்பா நினைக்காதீங்க, நான் வேற இடத்துல கொடுத்துடுவேன்" என்றார்.

தச்சரைக் கேட்டார்கள். இருபதாம் தேதிக்கு மேல்தான் ஒழியும் என்றார். அப்போதுதான் சின்னவள் வாய் தவறி, "நான் மாட்டவா?" என்று கேட்டுவிட்டாள்.

பழைய கதவை அளந்து பயனில்லை. அது ஊதிப்போன கதவு. ஆகவே நிலைச்சட்டத்தின் உள்பக்கத்தை அளக்க வேண்டும். சின்னவள் தன் இரும்பு டேப்பால் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்தாள். மூன்றிலும் 83.0. மூன்றும் ஒன்றாக இருந்ததே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து, அம்மா கழுத்திலிருந்த டேப்பை உருவிக்கொண்டு வந்தாள். கழுத்தில் டேப் இல்லாமல் அம்மாவைப் பார்த்தால் வேறு யாரோ மாதிரி இருக்கும். பன்னிரண்டு வருஷமாக அதே மஞ்சள் துணி டேப்.

"எண்பத்தொண்ணு ஏழு" என்றாள் அம்மா.

"எனக்கு எண்பத்துமூணும்மா."

"திரும்ப அள."

அளந்தாள். எண்பத்துமூன்று. அம்மாவும் திரும்ப அளந்தாள். எண்பத்தொன்று ஏழு.

"இருபத்திரண்டு வருஷத்துல அளவு சரியில்லைன்னு ஒரு சட்டை திரும்பி வந்ததில்லடி" என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னாள். "உன் டேப்புல முனையில இருக்கிற அந்தக் கொக்கி ஆடுது பாரு. அதுதான்."

கொக்கி ஆடத்தான் செய்தது. ஒன்பது வாரம் எங்கே, இருபத்திரண்டு வருஷம் எங்கே? உயரத்திலும் இதே கதைதான்: இவளுக்கு 206.0, அம்மாவுக்கு 202.8. சின்னவள் நோட்டில் தன் அளவுகளை அடித்து அம்மாவின் அளவுகளை எழுதினாள். அதில் பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர், அடியில் ஏழு, மேலே மூன்று என்று இடைவெளி கழித்து, 81.1க்கு 201.8 என்று கதவுக்கடையில் சீட்டு கொடுத்தாள். செய்து தர எட்டு நாள் ஆகும் என்றார்கள்.

பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு போட்டாள். நிலைச்சட்டத்தின் அடியில் உளுத்திருந்த ஒரு முழம் மரத்தை முந்தின ஞாயிறே அறுத்துப் புது மரம் ஒட்டியிருந்தாள். மதியம் பழைய கதவின் கீல்களைக் கழற்றினாள். கதவு தரையைத் தொட்டதும் அதன் கீழ்ச்சட்டம் தனியாகக் கழன்று விழுந்தது. இனி அதை மறுபடி மாட்ட முடியாது. சரி, புதுசு வந்துகொண்டிருக்கிறதே என்று கூட்டிப் பெருக்கி வைத்தாள்.

மூன்று மணிக்கு அத்தான் ஓர் இரவல் வேனில் கதவோடு வந்து இறங்கினான். பெரியவளின் கணவன், வாய் ஓயாத மனிதன்.

"மேஸ்திரியம்மா! எங்க வெக்கட்டும் உங்க கதவ?"

இருவரும் தூக்கி நிலைக்குள் நிறுத்தினார்கள். அடியில் ஆப்பு வைத்து ஏழு மில்லிமீட்டர் உயர்த்தினாள். கீல் பக்கம் மூன்று மில்லிமீட்டர் விட்டு ஒட்டி நிறுத்தினாள். பிறகு எதிர்ப்பக்கம் பார்த்தாள்.

இடைவெளியில் வெளியே நிற்கிற வேன் தெரிந்தது.

மேலே பார்த்தாள். இரண்டு விரலைப் படுக்கையாகச் செருகலாம்.

"காத்து வரட்டும்னு விட்டிருக்கியா?" என்றான் அத்தான்.

"அத்தான், சும்மா இருங்க."

"இல்ல, கதவு வழியில பட்டினி கிடந்து இளைச்சிடுச்சோ என்னமோ."

சின்னவள் பையைத் திறந்தாள். நோட்டை எடுத்தாள். சீட்டை எடுத்தாள். கடைக்காரன் தப்பாக அறுத்திருப்பான் என்று ஒரு கணம் ஆசையாக இருந்தது. இரும்பு டேப்பைக் கதவின் மேல் வைத்தாள். 81.1. சீட்டில் இருந்ததேதான், மயிரிழை பிசகவில்லை. நிலையை அளந்தாள். 83.0.

"அப்போ எண்பத்துமூணுதானே?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

சத்தம் கேட்டு அம்மா எழுந்து வந்தாள். இடைவெளியைப் பார்த்தாள்; கழுத்திலிருந்து டேப்பை உருவி நிலையை அளந்தாள்.

"எண்பத்தொண்ணு ஏழு. நான் சொன்னதுதான். கடைக்காரன் குறைச்சு அறுத்துட்டான்."

"இல்லம்மா, அவன் எண்பத்தொண்ணு ஒண்ணுதான் அறுத்திருக்கான். பாரு."

"எங்க பாப்போம்." அம்மா தன் டேப்பைக் கதவின் மேல் வைத்தாள். "எழுபத்தொன்பது எட்டு! பாத்தியா? மாப்பிள்ள, நீங்களே வந்து பாருங்க."

அத்தான் வந்து பார்த்தான். முதலில் அத்தை டேப்பில் பார்த்தான், பிறகு மச்சினி டேப்பில் பார்த்தான், பிறகு தலையைச் சொறிந்தான். "அத்தை சொல்றதும் சரிதான். இவ சொல்றதும் சரிதான். நான் வேனைக் கொண்டுபோய் விட்டுட்டு வரட்டுமா?"

"நில்லுங்க அத்தான்."

சின்னவள் நோட்டில் இரண்டு கோடு போட்டுக் கட்டம் வரைந்தாள். குழம்பினால் கட்டம் போடுவது அவள் பழக்கம். ஒரு பக்கம் தன் டேப்: நிலை 83.0, கதவு 81.1. மறுபக்கம் அம்மா டேப்: நிலை 81.7, கதவு 79.8. கழித்துப் பார்த்தாள். இரண்டிலும் மிச்சம் 1.9. இருக்க வேண்டியது வெறும் 0.6. தன் டேப்பைக் கேட்டால் கடைக்காரன் மேல் தப்பில்லை, நோட்டில் உள்ள அளவுதான் தப்பு. அம்மா டேப்பைக் கேட்டால் நோட்டில் உள்ள அளவு சரி, கடைக்காரன்தான் தப்பு. கட்டம் போட்ட பிறகு குழப்பம் அதிகமாயிற்று.

"அந்தக் கொக்கிதான்டி" என்றாள் அம்மா மறுபடி.

கொக்கி ஆடினால் எத்தனை ஆடும்? ஒரு மில்லிமீட்டர் ஆடும். இது பதின்மூன்று. உயரத்தில் முப்பத்திரண்டு. சின்னவளின் கண் அம்மா கையிலிருந்த மஞ்சள் டேப்பின் மேல் போயிற்று. சொல்ல வாயெடுத்தாள், மென்று விழுங்கினாள்.

"இரண்டு பேரும் சண்டை போடாதீங்க" என்றான் அத்தான். "இந்த வீட்டுல ஊரறிய அளவு தெரிஞ்ச சாமான் ஏதாவது இருக்கா? அதை ரெண்டு டேப்பாலயும் அளங்க."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் சின்னவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. மருந்துக்கடையில் தினமும் பிரின்டருக்கு அவள்தான் தாள் வைப்பாள். கட்டின் மேல் அச்சடித்தே இருக்கும்: நீளம் 297 மில்லிமீட்டர். எந்தக் கடையில் வாங்கினாலும் அதேதான்.

"ஒரு ஏ-ஃபோர் தாள் வேணும்."

வெட்டுமேசைக்கு மேலே ஆணியில் ஒன்று தொங்கியது. பரிசோதனைக்கூட மேலாளர் கொடுத்துவிட்டுப் போன அளவுப் பட்டியல். அத்தான் அதைக் கழற்றி மேசையில் விரித்தான். இரும்பு டேப்: 29.7. அம்மா குனிந்து தன் டேப்பை மஞ்சள் வெளுத்த முனையிலிருந்து நேராக வைத்தாள். விரலால் நீவினாள். மறுபடி வைத்தாள்.

29.2.

பிறகு இரண்டு டேப்பையும் பக்கம் பக்கமாக மேசை நீளத்துக்கு விரித்தார்கள். முதல் பத்து சென்டிமீட்டரில் வித்தியாசம் ஒரு கோடுதான். ஐம்பதில் கண்ணுக்கே தெரிந்தது. அம்மாவின் டேப் 150 என்று முடிகிற இடத்தில் இரும்பு டேப் 152.4 என்றது. பன்னிரண்டு வருஷம் இழுத்து இழுத்து அளந்ததில் துணி நீண்டுவிட்டிருந்தது.

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள். முகம் சுண்டிப் போயிற்று.

"அப்போ இத்தனை வருஷமா நான் தைச்சதெல்லாம்?"

சின்னவள் பயந்தது இந்தக் கேள்விக்குத்தான். கதவு போனால் போகட்டும் என்றுகூட அந்த நிமிஷம் அவளுக்குத் தோன்றியது.

"ஒண்ணும் ஆகலம்மா. அதெல்லாம் சரியாத்தான் இருந்தது."

"எப்படிடி சரியா இருக்கும்? டேப்பே தப்புங்கிற!"

"நீ ஆளை அளந்ததும் அந்த டேப்தான். துணியை அளந்ததும் அந்த டேப்தான். அத்தான் மார்பு நூறுன்னு அளந்தா, நிஜத்துல நூத்தி ஒண்ணரை. துணியில நூறுன்னு வெட்டினா, அதுவும் நிஜத்துல நூத்தி ஒண்ணரை. ரெண்டும் பொருந்திடும்." சொல்லிக்கொண்டே போனவளுக்குப் பாதியில் தானே சொல்வது சரியா என்று சந்தேகம் வந்துவிட்டது. "பொருந்தும்... இல்லையா?"

"எனக்குப் பொருந்துதே" என்று அத்தான் தன் சட்டையை இழுத்துக் காட்டினான். "வயித்துல மட்டும் கொஞ்சம் பிடிக்குது."

"அது டேப் குத்தம் இல்ல மாப்பிள்ள" என்றாள் அம்மா. சிரிப்பு வராத குரலில் சொன்னாலும், சொல்லிவிட்டதில் அவளுக்கே மூச்சு வந்த மாதிரி இருந்தது.

கதவுக்கு வந்ததுதான் வினை. அம்மா டேப்பில் எடுத்த எண், வேறொருவன் டேப்புக்குப் போயிற்று. இதுவரை அந்த டேப் சொன்ன எண் எதுவும் இந்த கராஜை விட்டு வெளியே போனதில்லை.

இதைச் சின்னவள் சொல்லி முடித்தபோது அம்மா அவளைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அளப்பதற்காக விரித்தார்களே தவிர, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அதுவரை யாரும் கவனிக்கவில்லை. சிறியது, நடுத்தரம், பெரியது, மார்பு, நீளம், கை, எல்லாம் எண்கள். அடியில் ஒரு வரி: அரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏற்க மாட்டோம்.

"இது உள்ள வர்ற எண்ணு" என்றாள் அம்மா மெதுவாக. "ஆளு இல்ல. வெறும் எண்ணு. நடுத்தரம், நீளம் நூத்தி அஞ்சு. என் டேப்புல நூத்தி அஞ்சு வெட்டினா?"

"தப்பா வரும்மா."

"சின்னதா வருமா, பெரிசா வருமா?"

"கதவு சின்னதாத்தானே வந்தது" என்றான் அத்தான். "அப்போ கோட்டும் சின்னதா வரும். ஒரே டேப்புதானே?"

"ஆமா" என்றாள் சின்னவள். பிறகு, "இல்ல" என்றாள். பிறகு, "இருங்க" என்றாள். மூவரும் மேசையைச் சுற்றி நின்று, ஆளுக்கொரு திசையில் கையை விரித்துக் காட்டி வாதாடினார்கள். நீண்ட டேப் குறைத்துச் சொல்கிறது. குறைத்துச் சொன்னால் குறைவாகத்தானே வெட்டும்? ஆனால் நீண்ட டேப்பால் வெட்டினால் நீளமாகத்தானே வரும்? இரண்டும் ஒரே சமயத்தில் எப்படிச் சரியாகும்? சின்னவள் இன்னொரு கட்டம் போடப் பேனாவைத் திறந்தாள்.

"எழுதாத. வெட்டிப் பாத்துடலாம்" என்றாள் அம்மா.

பழைய செய்தித்தாளை இரண்டு நீளமாக ஒட்டி, தன் டேப்பை வைத்து 105இல் கோடு போட்டு, ஒரே இழுப்பில் கத்தரித்தாள். சின்னவள் இரும்பு டேப்பை வைத்தாள். 106.7.

"பெரிசு" என்றான் அத்தான். இந்தத் தடவை வேடிக்கையாக எதுவும் சேர்க்கவில்லை.

அம்மா அந்தக் காகிதத் துண்டை மடித்துக்கொண்டே இருந்தாள். "அம்பதையும் வெட்டியிருப்பேன். ஞாயித்துக்கிழமை ராவோட ராவா வெட்டியிருப்பேன். அந்த ஆளு டேப்பை வெச்சுப் பாத்து, அம்பதையும் கொண்டுவந்து இந்த மேசையில போட்டிருப்பான்."

அப்போது திறந்து கிடந்த வாசல் வழியே காற்றடித்து, மேசையிலிருந்த தாள் பறந்தது. அத்தான் காலால் மிதித்துப் பிடித்தான். வாசல் இன்னும் அப்படியேதான் இருந்தது. கதவு சுவரில் சாய்ந்து நின்றது.

"இதுக்கு என்ன பண்றது?" என்றாள் அம்மா. "திரும்ப அறுத்துத் தரச் சொன்னா?"

"இன்னும் எட்டு நாள் ஆகும்."

"சனிக்கிழமைக்கு ரெண்டே நாளு."

சின்னவள் வாசலில் போய் நின்று நிலைச்சட்டத்தைக் கீழிருந்து மேலே பார்த்தாள். கதவைப் பெரிதாக்க முடியாது. வாசலைச் சின்னதாக்கலாம். மேலே ஒரு கட்டை, கீல் பக்கம் முழு நீளத்துக்கு ஒரு பட்டி. நிலையோடு திருகாணி போட்டு இறுக்கி, இடுக்கில் தண்ணீர் நுழையாமல் பூசி அடைத்துவிட்டால், கதவு அதற்குப் பொருந்தும். சொல்லிப் பார்த்தாள். சத்தமாகச் சொன்னபோது அத்தனை பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை.

"ரவிக்கை பத்தலன்னா பக்கத்துல துண்டு வெச்சுத் தைக்கிற மாதிரி" என்றாள் அம்மா.

"ஆமாம்மா, அதேதான்."

"தெரியுமா வெளிய?"

"தெரியும். பெயின்ட் அடிச்சா கொஞ்சம் கம்மியாத் தெரியும்."

அம்மா எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "உன்னால முடியுமா? முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. நான் அந்த ஆளுக்கு போன் பண்ணி வேற எங்கேயாவது கொடுத்துக்கச் சொல்லிடறேன். ஒண்ணும் குடி முழுகிப் போயிடாது."

குடி முழுகாது என்று அவள் சொன்ன விதத்தில் அது எவ்வளவு முழுகும் என்று தெரிந்தது. முடியும் என்று சொல்லத்தான் சின்னவளுக்கு ஆசை. ஆனால் முன்பின் செய்யாத ஒன்றைப் பற்றி அப்படிச் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"மேல் கட்டை முடியும். கீல் பக்கம் தெரியல. கதவோட கனம் முழுக்க அந்தப் பட்டியிலதான் தொங்கணும். நீள ஸ்குரூ போட்டா தாங்கும்னுதான் நினைக்கிறேன். பயமா இருக்கும்மா."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள் அம்மா. "அந்த எண்ணைப் பாத்து வெட்டணுமே. ஆளு எதிர்ல நிக்காம நான் வெட்டினதே இல்ல."

அத்தான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "ரெண்டு பேரும் பயந்துகிட்டே வேலையைப் பாருங்க. நான் இன்னிக்கு வாசலுக்கு ஒரு தார்ப்பாய் கட்டித் தர்றேன். முடிச்சு மட்டும் அளவு கேக்காது."

இருட்டுவதற்குள் தார்ப்பாய் ஏறிவிட்டது. சின்னவள் அதற்குள் நிலையை இன்னும் நான்கு தடவை அளந்திருந்தாள். நான்கிலும் எண்பத்துமூன்று. ஐந்தாவது தடவை அளக்கப் போனபோது டேப் இருந்த இடத்தில் இல்லை. அம்மா அதை எடுத்துப்போய் வெட்டுமேசையில் வைத்து, அளவுப் பட்டியலைப் பார்த்துப் பார்த்துக் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். இரும்பு டேப் அவள் கையில் வளையாமல் மல்லுக்கு நின்றது. விட்டதும் சுருக்கென்று உள்ளே ஓடி விரலைக் கடித்தது.

"சனியன்" என்றாள் அம்மா. மறுபடி இழுத்தாள். "உனக்கு இது எப்ப வேணும்?"

"காலையில."

"எனக்கும் காலையிலதான் வேணும்."

அதன் பிறகு சின்னவள் நோட்டில் புதுப் பக்கம் எடுத்து எழுதினாள்.

ஜூன் 12, வியாழன். கதவு வந்தது. மாட்டவில்லை. கீல் பக்கத்துப் பட்டி தாங்குமா என்று தெரியவில்லை.

நாளை: எட்டு மணிக்கு ஹார்ட்வேர் கடை திறந்ததும் அம்மாவுக்கு வளையும் டேப் ஒன்று, நீளாத ரகமாக; வாங்கும் முன் கடையிலேயே என் டேப்போடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நீள ஸ்குரூ பன்னிரண்டு. மருந்துக்கடைக்கு லீவு சொல்ல வேண்டும். முதலில் மேல் கட்டை, 32 மில்லிமீட்டர். பிறகு கீல் பக்கத்துப் பட்டி, 13.